கியர் பாக்ஸ் வாங்கும் முன்: எது, எங்கே, எப்படி வழுக்குகிறது?

“அண்ணே, ஆட்டோமேட்டிக் வாங்கலாமா? சீக்கிரம் கெட்டுப் போயிடும்னு சொல்றாங்களே?” என்று கேட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். கியர் பாக்ஸைப் பிரித்துக் கோர்ப்பது என் தொழில். பழைய கார் வாங்குகிறவர்களுடன் போய் ஓட்டிப் பார்த்துச் சொல்வதும் உண்டு. இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் என்ற ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வரும் நோய் இன்னொன்றுக்கு வராது.

எந்த கியர் பாக்ஸாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் வழுக்குவது எது? எஞ்சின் நிற்காமல் சுற்றுகிறது, ஐட்லிங்கில்கூட நிமிடத்துக்கு 700, 800 சுற்று. சிக்னலில் சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சேர்க்கும் அந்தச் சில நொடிகளில் நடுவில் ஏதாவது வழுக்கியே ஆக வேண்டும். வழுக்கினால் சூடு, சூட்டோடு தேய்மானம். அந்தச் சூட்டை எது தாங்குகிறது, அது எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பெட்டி எதனால் கெடும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மேனுவல்

இதில் வழுக்குவது கிளட்ச் பிளேட். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் நசுங்கி, உரசி, பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் கிடையாது, காற்றுதான் அதைக் குளிரவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் உரசவிடுவது என்பது முழுக்க உங்கள் இடது காலின் கையில்... சரி, காலின் பொறுப்பில். ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திப் பிடிக்கிறவருக்கும், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறவருக்கும் ஒரே கார்தான், ஒரே பிளேட்தான். ஆனால் ஒருவருக்கு வந்த ஆயுளில் கால்வாசிகூட இன்னொருவருக்கு வராமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கியர் போடும்போது உள்ளே பல்லைப் பல்லோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்பக்கம் போகும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதுமே கோத்தபடிதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஸ்லீவ் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது. பூட்டும் முன் இரண்டின் வேகத்தையும் சமமாக்குவது சின்க்ரோ ரிங், பெரும்பாலும் பித்தளையில் இருக்கும். 1920களின் கடைசியில் காடிலாக் கார்களில் இது வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தைக் காதால் கேட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய மூன்றரைச் சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று வரும், கடைசி கியரில் எஞ்சினை விட வெளி ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். எஞ்சினுக்குப் பிடித்தமான வேகத்திலேயே அதை வைத்திருக்கத்தான் இத்தனை சக்கரங்களும்.

பழைய மேனுவல் காரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். எஞ்சின் ஓடட்டும், நியூட்ரலில் வையுங்கள். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும் ஒரு கரகர சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகப்படலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு, அதனால் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரோட்டில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி, வேக முள் அசையாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்குச் சற்று வேகத்தோடு இறக்கிப் பாருங்கள். கரக் என்று கடித்தால் சின்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. ரிவர்ஸில் வரும் ஊளைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு மட்டும் நேர்ப்பல் வெட்டியிருப்பார்கள், அது அப்படித்தான் கத்தும்.

டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்

எனக்கு மிகவும் பிடித்த பெட்டி இதுதான். காரணம், இதில் வண்டி கிளம்பும்போது வழுக்குவது எண்ணெய். எஞ்சினோடு சுற்றும் இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரே இருக்கும் டர்பைன் அந்த வேகத்தை வாங்கிச் சுற்றுகிறது. திரும்பி வரும் எண்ணெயை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் எஞ்சின் சுற்றும் திசைக்கே திருப்பிவிடுவதால், கிளம்பும் நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. எந்த இரும்பும் எந்த இரும்போடும் உரசவில்லை. பிறக்கும் சூடு முழுவதும் எண்ணெய்க்குள் போகிறது, எண்ணெய் கூலருக்குப் போகிறது. மணிக்கணக்கில் நெரிசலில் ஊர்ந்தாலும் இந்தப் பெட்டி அலட்டிக்கொள்ளாது.

அதற்குப் பின்னால் இருப்பவை கோள்சக்கரத் தொகுதிகள்: நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சில சின்னச் சக்கரங்கள், வெளியே உட்புறம் பல் வெட்டிய வளையம். மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதோடு பூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறுகிறது. 2009-ல் வந்த, இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 8எச்பி பெட்டியில் நான்கு தொகுதிகளும் ஐந்தே ஐந்து கிளட்ச், பிரேக்குகளும் சேர்ந்து எட்டு கியர்களைத் தருகின்றன. அதை முதல் முறை பிரித்து மேசையில் பரப்பியபோது இவ்வளவு குறைவான பாகங்களா என்று ஆச்சரியப்பட்டேன்.

உள்ளே இருக்கும் அந்த கிளட்ச்களும் எண்ணெயில் மூழ்கியவைதான். கியர் மாறும்போது ஒரு நொடிக்கும் குறைவாக வழுக்கி, பிடித்துக்கொள்கின்றன. பிடிக்க வைப்பது எண்ணெயின் அழுத்தம். அதனால் எண்ணெய் இங்கே மூன்று வேலை செய்கிறது: சக்தியைக் கடத்துகிறது, கிளட்ச்சை அமுக்குகிறது, சூட்டைச் சுமக்கிறது. அதுதான் இதன் பலவீனமும். “ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்” என்று சில கார் கம்பெனிகள் எழுதிவிடுகின்றன. யாருடைய ஆயுள் என்று எழுதுவதில்லை. பெட்டியைச் செய்கிற இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நான் சொல்வது இதுதான்: சாதாரண ஓட்டத்துக்கு 80,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை, மலைப்பாதையும் பாரமும் வெயிலும் அதிகமென்றால் 60,000-க்குள்.

பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டை (ஆயில் பேன்) கழற்றும்போது அதற்குள் இருக்கும் காந்தத்தைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலால் தடவும்போது உறுத்துகிற உலோகச் சீவல் இருந்தால் ஏதோ பேரிங்கோ பல்லோ உடைகிறது. அந்தத் தட்டின் அடியில் காந்தம் இழுக்காத கறுப்புத் துகள் படிந்து, எண்ணெயில் தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு உதிர்கிறது என்று பொருள். எண்ணெய் இளஞ்சிவப்பாக, பால் கலந்ததுபோல் நுரைத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து கூலண்ட் உள்ளே வந்துவிட்டது. அந்தக் காரை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கிளட்ச் பிளேட்டின் பசையைக் கூலண்ட் கரைத்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: பிரேக்கை மிதித்தபடி லீவரை பி (பார்க்கிங்) நிலையிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) நிலைக்கு, பிறகு டி (டிரைவ்) நிலைக்கு மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் மெல்லிய அசைவோடு கியர் விழ வேண்டும். யோசித்து யோசித்து விழுந்தாலோ, டங் என்று இடித்தாலோ அழுத்தத்தில் கோளாறு. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஆர்பிஎம் ஒரு கணம் மேலே எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது, வரிவரியாகக் கோடு போட்ட ரோட்டில் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வந்து போனால் அது கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச், அதாவது ஓட்டத்தில் எண்ணெய் வழுக்காதபடி எஞ்சினையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் கிளட்ச். ஆரம்பத்திலேயே பிடித்தால் புது எண்ணெயிலேயே சரியாகிவிட வாய்ப்பு உண்டு.

“எண்ணெய் மாத்தினதும் பெட்டி போச்சு” என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு, தேய்ந்துபோன பிளேட்டைப் புது எண்ணெய் திருப்பித் தராது. அதுதான் அங்கே நடந்தது. நெடுங்காலம் மாற்றாத பெட்டிக்கு மெஷின் வைத்து அழுத்தமாக ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். வடித்து, ஃபில்டர் மாற்றி, ஊற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை வடித்து ஊற்றுவது போதும். அளவையும் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் எஞ்சின் ஓடும்போதே லெவல் பிளக்கைத் திறந்து அளக்க வேண்டும். தெர்மாமீட்டரோ ஸ்கேனரோ இல்லாமல் இதைச் செய்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

சிவிடி

விகிதம் தொடர்ந்து மாறும் பெட்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. இங்கே படிப்படியான கியரே இல்லை. கூம்பு வடிவத் தட்டுகள் இரண்டு சேர்ந்த புல்லி எஞ்சின் பக்கம் ஒன்று, சக்கரத்தின் பக்கம் ஒன்று. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். விகிதம் படிப்படியாக இல்லாமல் வழவழவென்று மாறும். 1958-ல் டாஃப் என்ற டச்சு நிறுவனம் ரப்பர் பெல்ட் வைத்து இதைக் காரில் கொண்டுவந்தது. இன்றைக்குப் பெரும்பாலானவற்றில் எஃகு பெல்ட்: மெல்லிய எஃகு வளையங்களின் மேல் நூற்றுக்கணக்கான சிறு எஃகுத் துண்டுகள் அடுக்கியிருக்கும். அது இழுப்பதில்லை, ஒரு துண்டு அடுத்ததைத் தள்ளித் தள்ளித்தான் சக்தி போகிறது.

மற்ற பெட்டிகளில் எது வழுக்க வேண்டும் என்று பார்த்தோம். இதில் பெல்ட் வழுக்கவே கூடாது. எஃகும் எஃகும் எண்ணெய்க்குள் இருந்துகொண்டே வழுக்காமல் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பைத் தருவதற்கென்றே செய்த எண்ணெய்தான் சிவிடி எண்ணெய். “எல்லாம் ஆட்டோமேட்டிக் எண்ணெய்தானே” என்று சாதாரண ஏடிஎஃப்பை (மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கான எண்ணெயை) ஊற்றிய ஒரு பெட்டி என்னிடம் வந்தது. புல்லியின் கூம்பை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால், கண்ணாடியாக இருக்க வேண்டிய முகத்தில் வட்டவட்டமாகக் கீறல். பெல்ட்டின் துண்டுகளின் ஓரத்தில் இருக்க வேண்டிய நுண்ணிய வரிகள் மழுங்கிப்போயிருந்தன. பெல்ட்டும் புல்லியும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? கேனில் இருக்கும் குறியீடு உங்கள் கார் புத்தகத்தில் இருக்கும் குறியீடேதானா என்று நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள்.

சிவிடியின் கெட்ட பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிஸ்ஸான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு சிவிடி வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்ட வேண்டிவந்தது. அதற்காக எல்லா சிவிடியையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டொயோட்டா 2018-ல் கொண்டுவந்த வகையில் கிளம்புவதற்கென்று தனியாக ஒரு பல்சக்கரம் வைத்துவிட்டார்கள், அதிகமாகப் பாரம் விழும் அந்த நேரத்தில் பெல்ட்டுக்கு ஓய்வு. என் கருத்து: அளவான எஞ்சின், நகர ஓட்டம், நேரத்துக்கு எண்ணெய் என்றால் சிவிடி தாராளமாக உழைக்கும். டிரெய்லர் இழுக்க, பாரத்தோடு மலை ஏற என்றால் வேறு பெட்டி பாருங்கள். சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றி, திடீரென்று தரையைப் பிடிக்கும்போது வரும் அடி பெல்ட்டுக்கு ஆகவே ஆகாது. சோதிக்கும்போது வண்டி சூடான பிறகு மேடு ஏற்றிப் பாருங்கள். நடுக்கமோ, வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ரீங்காரமோ இருந்தால் வேண்டாம்.

இரட்டை கிளட்ச்

ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் கோத்து நிற்கும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்தால் கியர் மாறியாயிற்று. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல் விற்பனைக்கு வந்து பிரபலமானது.

இதில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கிளட்ச் எண்ணெயில் நனைந்ததா, உலர்ந்ததா? நனைந்தது என்றால் சூட்டை எண்ணெய் கொண்டுபோகும். புத்தகத்தில் சொன்னபடி, பல பெட்டிகளுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் நன்றாக ஓடும். உலர்ந்தது என்றால் மேனுவல் கிளட்ச்சின் அதே கதைதான். ஆனால் மேனுவலில் ஹாஃப் கிளட்ச் வாடை வந்ததும் நீங்கள் காலை எடுப்பீர்கள். இங்கே கம்ப்யூட்டர் அமைதியாக உரசவிட்டுக்கொண்டே இருக்கும். நெரிசலில் நடை வேகத்தில் ஊர்வதுதான் இதற்கு விஷம். அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபோர்டு ஃபியஸ்டா, 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ் கார்களின் உலர் இரட்டை கிளட்ச் நடுக்கம் நீதிமன்றம் வரை போய் இழப்பீட்டில் முடிந்தது.

தினமும் பார்க்கிங் சரிவில் வரிசையில் நின்று ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே காரைப் பிடித்து வைத்திருந்த ஒருவருடைய உலர் கிளட்ச்சைக் கழற்றினேன். பிரஷர் பிளேட்டின் முகம் நீலம் பாய்ந்திருந்தது, பிளேட்டின் மேல்பரப்பு தீய்ந்து பளபளவென்று இறுகியிருந்தது. அவர் தப்பாக ஓட்டவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே சொல்கிறேன்: மேட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே நில்லுங்கள். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விட்டு, கிடைத்ததும் தயங்காமல் கிளம்புங்கள். அங்குலம் அங்குலமாக நகர வேண்டாம்.

ஏஎம்டி

தானியங்கியாக்கிய மேனுவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதே மேனுவல் பெட்டி, அதே உலர் கிளட்ச். உங்களுக்குப் பதிலாக கிளட்ச்சை மிதிக்கவும் கியர் தள்ளவும் ஒரு ஆக்சுவேட்டர், அதாவது கம்ப்யூட்டர் இயக்கும் கருவி. கியர் மாறும்போது தலை ஆடும், அது கோளாறு அல்ல. செலவு குறைவான ஆட்டோமேட்டிக் இதுதான், பழுதும் பெரும்பாலும் கிளட்ச்சிலும் ஆக்சுவேட்டரிலும் நின்றுவிடும். கிளட்ச் மாற்றினால் ஸ்கேனர் வைத்து அதற்குப் புதுப் பிளேட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்துவிட்டு, ‘ஓட ஓட செட் ஆயிடும்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஹைபிரிட், மின்சாரம்

1997-ல் டொயோட்டா பிரியஸில் வந்த பெட்டிக்கும் விளம்பரத்தில் சிவிடி என்றுதான் பெயர். பெல்ட்டைத் தேடினால் கிடைக்காது. எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரே ஒரு கோள்சக்கரத் தொகுதி இணைக்கிறது. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விகிதம் மாறுகிறது. கிளம்புவது மோட்டாரில், பின்னால் போவதும் மோட்டாரில். கிளம்பும்போது உரசுவதற்கென்று ஒரு பாகமே இல்லை. நான் பார்த்த பெட்டிகளிலேயே நீண்ட ஆயுள் இதற்குத்தான். இன்வெர்ட்டர், பேட்டரி கணக்கு வேறு. பெட்டியின் எண்ணெயை மட்டும் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

மின்சாரக் காரில் பெரும்பாலும் ஒரே ஒரு நிலையான விகிதம், பல கார்களில் 9-க்கு 1-ஐ ஒட்டி. பார்க்க வேண்டியது பேரிங் சத்தமும் எண்ணெய்க் கசிவும் மட்டுமே.

பார்க்கப் போகும் அன்று

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் கோளாறுகள் சில, குளிர்ந்த எஞ்சினில் முதல் ஐந்து நிமிடம்தான் முகம் காட்டும். வேறு சில அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகே வரும். அதனால் இரண்டு நிலையிலும் ஓட்டுங்கள். எந்த வகைப் பெட்டி என்பதை விற்பவர் வாய்ச்சொல்லில் விடாமல், சேசிஸ் நம்பர் கொடுத்து உறுதி செய்யுங்கள். ஒரே மாடலில் ஒரு வருடம் சிவிடியும் மறு வருடம் வேறு பெட்டியும் வந்திருக்கும். பெட்டி எண்ணெய் மாற்றியதற்கு பில் கேளுங்கள். அதில் எண்ணெயின் குறியீடும் இருந்தால் அந்தக் காருக்கு நான் கூடுதலாகவே கொடுக்கத் தயார்.

வாங்கிய பிறகு சில பழக்கங்கள். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பி. தலைகீழாகச் செய்தால் சரிவில் முழு வண்டியின் எடையும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் தொங்கும். ரிவர்ஸிலிருந்து டிக்கு மாற்றும் முன் வண்டி முழுக்க நிற்கட்டும். மேனுவலில் கியர் லீவர் மேல் கையை ஊன்றி வைக்க வேண்டாம், உள்ளே ஸ்லீவை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் தேயும். ஆட்டோமேட்டிக் நடுவழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். டார்க் கன்வர்ட்டர், சிவிடி இரண்டிலும் பெரும்பாலும் எண்ணெய் பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் அணைந்து சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் வறண்டு சுற்றும். எஞ்சின் சக்தி போகும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிக்கொண்டோ, நான்கு சக்கர டிரைவ் என்றால் தட்டையான லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.